கவுண்டரில் அடிக்கும் ஃபோனைக் குடோனில் எடுக்க: கடைக்குக் கம்பியில்லா ஐபி ஃபோன் அமைக்கும் வழி

கடை பெரிதாகும்போது ஃபோன் தொல்லையும் சேர்ந்தே பெரிதாகும். பில் புக்கிலும் போர்டிலும் அச்சடித்த லேண்ட்லைன் நம்பர் கவுண்டரில் மணியடிக்கும். சரக்கு இருக்கிறதா என்று சொல்லத் தெரிந்தவர் குடோனில் நிற்பார். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடும் பையனை எந்த ஹார்டுவேர் கடையிலும் பார்க்கலாம். கொஞ்ச நாளில் முதலாளியின் சொந்த செல் நம்பரே கடை நம்பராகிவிடும். அப்புறம் ராத்திரி சாப்பிட உட்காரும்போதும் கம்பி விலை கேட்டுக் கூப்பிடுவார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கம்பியில்லா ஐபி ஃபோன், அதாவது இணையம் வழியாகப் பேசும் ஃபோன், பொருந்தும். இதில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, ரூட்டரோடு லேன் கேபிளில் இணையும் சின்னப் பெட்டி. இதை பேஸ் என்பார்கள். இன்னொன்று, கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் ஹேண்ட்செட். ஹேண்ட்செட்டும் பேஸும் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும். பேஸும் ஃபோன் கம்பெனியின் சர்வரும் இணையத்தில் பேசிக்கொள்ளும். இந்த இரண்டும் தனித்தனி வழிகள். புதிதாக வாங்குபவர்கள் இதைக் குழப்பிக்கொள்வதால்தான் குடோனில் குரல் உடைந்தால் இன்டர்நெட் கம்பெனியைத் திட்டுகிறார்கள், நெட் போனால் பேஸை மாற்றுகிறார்கள். வாங்குவது, மாட்டுவது, பழுது பார்ப்பது எல்லாவற்றிலும் இந்தப் பிரிவை மனதில் வைத்திருங்கள்.

பேச வசதியாக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மதுரைப் பக்கம் சிமென்ட், பைப், கம்பி விற்கும் கடை. முன்னால் கவுண்டர், மாடியில் கணக்குப் பார்க்கும் அறை, பின்னால் தகரக் கூரை போட்ட குடோன். நான்கு பேர் ஃபோன் எடுக்க வேண்டும்.

உண்மையிலேயே தேவையா?

ஒரே ஒரு லைன், ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும் என்றால் ஐபி ஃபோன் வேண்டாம். ஃபைபர் இணைப்பு வாங்கியவர்களின் பெட்டியின் பின்புறம் பெரும்பாலும் ஃபோன் ஜாக் ஒன்று இருக்கும். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றுமே ஃபைபரோடு லேண்ட்லைன் நம்பரும் தருகின்றன. அந்த ஜாக்கில் சாதாரண கார்ட்லெஸ் ஃபோனைச் செருகினால் வேலை முடிந்தது. இரண்டு மூன்று ஹேண்ட்செட் சேர்ந்து வரும் செட்களும் கடையில் கிடைக்கும்.

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவருக்கு அழைப்பு வர வேண்டும், வந்த அழைப்பை மாடிக்கு மாற்றிவிட வேண்டும், யார் எடுக்கவில்லை என்று பார்க்க வேண்டும் என்றால்தான் ஐபி ஃபோனுக்குச் செலவு செய்யலாம்.

நம்பரை முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் செட்டை வாங்கி வைத்துவிட்டு அப்புறம் நம்பர் தேடுகிறார்கள். இது தலைகீழ். ஐபி ஃபோன் வேலை செய்ய உங்களுக்கு ஒரு சிப் (SIP) கணக்கு வேண்டும். சிம் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இணையத்தில் அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் நெறிமுறையின் பெயர் சிப். கணக்கு என்றால் சர்வர் முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு என்ற மூன்று விவரங்கள்.

இதை வாங்க இரண்டு வழி. முதல் வழி, கிளவுட் பிபிஎக்ஸ். எக்ஸ்சேஞ்ச் அவர்களுடைய சர்வரில் இருக்கும், மாத வாடகை கட்டுவீர்கள், ஆளுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது உள் எண், தருவார்கள். இதில் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "டெஸ்க் ஃபோனில் போட்டுக்கொள்ள சிப் எக்ஸ்டென்ஷன் தருவீர்களா?" சில கம்பெனிகள் வரும் அழைப்பை ஊழியர்களின் செல்லுக்குத் திருப்பிவிடுவதை மட்டுமே தருகின்றன. அதற்கு பேஸும் ஹேண்ட்செட்டும் தேவையே இல்லை.

இரண்டாவது வழி, கடையிலேயே சொந்தமாக ஐபி பிபிஎக்ஸ் வைத்து, தொலைபேசிக் கம்பெனியிடம் சிப் டிரங்க், அதாவது அந்த எக்ஸ்சேஞ்சை வெளி உலகத்தோடு சேர்க்கும் இணைப்பு, வாங்குவது. ஆட்கள் அதிகமுள்ள மருத்துவமனைக்கும் மில்லுக்கும் இது சரி. நான்கு ஹேண்ட்செட் கடைக்கு எதற்கு இந்தத் தலைவலி? பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

இந்தியாவில் இணையத் தொலைபேசி நம்பர் தர உரிமம் பெற்ற கம்பெனிகளுக்கு 2018இல் வழி தெளிவானது. அந்த ஆண்டே பிஎஸ்என்எல் 'விங்ஸ்' என்ற சேவையை அறிவித்தது. உரிமம் பெற்றவர்களிடம் அல்லது அவர்கள் வழியாக விற்பவர்களிடம் மட்டும் வாங்குங்கள். கடை முகவரிச் சான்று, பான், ஜிஎஸ்டி விவரம் கேட்பார்கள். எதுவுமே கேட்காமல் மலிவாக ஒருவர் நம்பர் தருகிறார் என்றால் ஒதுங்கிவிடுங்கள். இணைய அழைப்பை சிம் பாக்ஸ் என்ற பல சிம் போடும் பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் கும்பல்களைப் போலீஸ் பிடித்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவர்களோடு உங்கள் கடைப் பெயரும் வர வேண்டாம்.

பழைய நம்பர் என்ன ஆகும்? செல் நம்பரைப் போல லேண்ட்லைன் நம்பரைக் கம்பெனி விட்டுக் கம்பெனி எடுத்துப்போகும் வசதி நம் ஊரில் இல்லை. ஆகவே முதலில் பழைய கம்பெனியிடமே, இதே நம்பரை சிப் கணக்காகத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், பழைய நம்பரில் கால் ஃபார்வர்டிங் போட்டுப் புது நம்பருக்குத் திருப்பிவிட்டு, ஒரு வருஷமாவது இரண்டையும் வைத்திருங்கள். பழைய பில்லைப் பார்த்துக் கூப்பிடும் கொத்தனார்கள் அதுவரை வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

எந்த செட்?

வைஃபையில் இயங்கும் ஃபோன் ஒரு வகை, டெக்ட் என்ற முறையில் இயங்குவது இன்னொரு வகை. கடைக்கு டெக்ட் வாங்குங்கள் என்பது என் கட்சி. வைஃபை ஃபோனுக்குக் கடை முழுக்கச் சீரான வைஃபை வேண்டும். ஒரு ஆக்சஸ் பாயின்டிலிருந்து (வைஃபை தரும் பெட்டி) இன்னொன்றுக்கு நடக்கும்போது பேச்சு அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு. கடையில் இருக்கும் எல்லா செல்ஃபோன்களோடும் அது இடத்துக்குப் போட்டி போட வேண்டும். டெக்ட் குரலுக்கென்றே 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருவான முறை. அதற்குத் தனி அலைவரிசை, 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை. நூறில் ஒரு வினாடி நேரத்தை 24 துண்டாக வெட்டி, 12 துண்டு பேசவும் 12 துண்டு கேட்கவும் என்று ஒதுக்கிவிடும். ஒருவருக்கு ஒதுக்கிய துண்டில் இன்னொருவர் நுழைய முடியாது. வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் இரண்டும் முட்டிக்கொள்வதும் இல்லை.

இந்த டெக்ட் நமக்கு அந்நியமும் இல்லை. 1990களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இதே முறையை வைத்துத்தான் கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பை உருவாக்கினார்கள். மேலூர் பக்கத்துக் கிராமங்களில் 2000களின் தொடக்கத்தில் வந்த இன்டர்நெட் மையங்களுக்குக் கார்டெக்ட்தான் இணைப்பு கொடுத்தது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் செட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அங்கே டெக்டுக்கு 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ். இங்கே அது வேறு சேவைகளுக்கான அலைவரிசை. இந்தியாவில் விற்கும் மாடலையே பில்லோடு வாங்குங்கள்.

வாங்கும்போது பெட்டியின் மேல் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை ஹேண்ட்செட் இணையும், எத்தனை சிப் கணக்கு போடலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம். மூன்றாவது எண்ணைத்தான் விற்பவர் சொல்ல மாட்டார். கிகாசெட் என்510 பேஸில் ஆறு ஹேண்ட்செட் இணையும், ஆனால் ஒரே நேரத்தில் நான்கு அழைப்புதான். யீலிங்க் டபிள்யூ73பி செட்டில் வரும் பேஸில் 10 ஹேண்ட்செட், 10 கணக்கு, 20 அழைப்பு வரை. கிராண்ட்ஸ்ட்ரீம் டிபி752 பேஸில் ஐந்து ஹேண்ட்செட். நம் உதாரணக் கடைக்கு மூன்றுமே போதும். கீழே மெனுப் பெயர்கள் சொல்லும் இடங்களில் யீலிங்க் செட்டை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றில் பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

பேஸ் ஒரு கம்பெனி, ஹேண்ட்செட் வேறு கம்பெனி என்று கலக்காதீர்கள். பேச்சு வரைக்கும் இணையும்; ஃபோன் புக், டிரான்ஸ்பர் போன்றவை கையை விரித்துவிடும்.

பேஸை எங்கே வைப்பது

இந்த ஒரு விஷயத்துக்கு நேரம் செலவழியுங்கள். ஃபோன் நன்றாக இருக்குமா இருக்காதா என்பது முக்கால்வாசி இங்கேதான் முடிவாகிறது.

பெரும்பாலோர் செய்வது: ரூட்டர் எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்திலேயே பேஸை வைப்பது. கூட வந்த கேபிள் சின்னது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. ரூட்டரோ முதலாளி அறையில், மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கும். கட்டடத்துக்குள் ஐம்பது மீட்டர், வெட்டவெளியில் முந்நூறு மீட்டர் என்று கம்பெனிகள் போடுவது தடையில்லாத இடத்துக்கு. கான்கிரீட் தளம், தகரக் கூரை, அடுக்கி வைத்த கம்பிக் கட்டு, தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் எல்லாம் அலையைத் தின்றுவிடும். லேன் கேபிளோ 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். எனவே ரூட்டர் எங்கேயாவது இருக்கட்டும். கேபிளை இழுத்து, ஆட்கள் நடமாடும் இடங்களுக்கு நடுவில், சுவரில் ஆளுயரத்துக்கு மேலே பேஸை மாட்டுங்கள். இரும்பு ரேக்குக்குள் பூட்டி வைக்காதீர்கள். வைஃபை ரூட்டருக்கும் இதற்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

ஆணி அடிப்பதற்கு முன் நடந்து பாருங்கள். இதற்கு இன்டர்நெட்டும் நம்பரும் தேவையில்லை. ஒரே பேஸில் இணைந்த இரண்டு ஹேண்ட்செட்கள் இன்டர்காமில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு பேஸ் வரை போய்த் திரும்புமே தவிர வெளியே போகாது. கவுண்டரில் ஒருவர் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் ஹேண்ட்செட்டைக் காதில் வைத்துக்கொண்டு மாடி, குடோன், லோடு இறக்கும் வாசல், கழிப்பறைப் பக்கம் என்று போகட்டும். எந்த இடத்தில் எண் விழுங்கப்படுகிறதோ அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. "அண்ணே, முப்பத்தேழு கேட்டுச்சு, அப்புறம் நாப்பத்தொண்ணுதான் கேக்குது" என்று குடோனிலிருந்து பையன் சொன்னால், அவன் நிற்பது அநேகமாகக் கம்பி அடுக்குக்குப் பின்னால்தான். பேஸை இரண்டு மீட்டர் நகர்த்தி மறுபடி நடக்கச் சொல்லுங்கள். சாக்பீஸ் கோடுகள் யாரும் போகாத மூலைக்குத் தள்ளப்படும் வரை இதைச் செய்யலாம். குடோனில் சரக்கு நிறைந்திருக்கும் நாளில் செய்வது முக்கியம். காலியான குடோனில் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் கேட்கும்.

எப்படி நகர்த்தியும் குடோன் கிடைக்கவில்லை என்றால் சிக்னலை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று அதே கம்பெனியில் வாங்கலாம். அதையும் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் அதற்கும் எதுவும் கேட்காது. ரிப்பீட்டர் வழியாக ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல கட்டடங்கள் உள்ள கல்லூரி, மில் போன்ற இடங்களுக்குப் பல பேஸ்களை ஒன்றாக இயக்கும் மல்டிசெல் வகை தனியாக இருக்கிறது.

மாட்டி, இணைத்து, பேச வைத்தல்

முதலில் கரன்ட். பேஸ் வேலை செய்ய மூன்று பெட்டிகள் உயிரோடு இருக்க வேண்டும்: ஃபைபர் பெட்டி, ரூட்டர், பேஸ். மூன்றையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். ஒன்றை விட்டாலும் கரன்ட் போனதும் ஃபோன் செத்துவிடும். இப்போது மலிவாகக் கிடைக்கும் மினி யுபிஎஸ்களும் போதும், ஆனால் வோல்ட்டைப் பாருங்கள். ரூட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட். இந்த பேஸுக்கு 5 வோல்ட். பின் ஒன்றுபோல இருக்கிறதே என்று மாற்றிச் செருகினால் பேஸ் அவ்வளவுதான். அடாப்டர்களில் ஒரு டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள். பிஓஇ ஸ்விட்ச் இருந்தால் லேன் கேபிளிலேயே கரன்ட்டும் போய்விடும், அடாப்டர் தொல்லையே இல்லை.

அடுத்து ஹேண்ட்செட்டை இணைப்பது. பெட்டியோடு வந்ததை ஆன் செய்ததும் ஏற்கெனவே இணைந்திருக்கலாம். இல்லையென்றால் பேஸில் இருக்கும் பொத்தானை, ரெஜிஸ்ட்ரேஷன் விளக்கு மின்னத் தொடங்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். ஹேண்ட்செட்டில் இணைக்கச் சொல்லும் பொத்தானை அழுத்துங்கள். பின் நம்பர் கேட்டால் தொடக்கத்தில் 0000. அதே பேஸ் பொத்தானைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினால் எல்லா ஹேண்ட்செட்டும் கூவும். சிமென்ட் மூட்டைக்குள் ஃபோனை மறந்துவிட்டவர்களுக்கு இது பெரிய உதவி. முதல் தடவை ஹேண்ட்செட்டை முழுக்க சார்ஜ் ஆக விடுங்கள். பென்டார்ச் பேட்டரி அளவில் செல் போடும் மாடல் என்றால் ரீசார்ஜபிள் செல் மட்டுமே. சாதாரண செல்லைப் போட்டு சார்ஜரில் வைத்தால் கசிந்து செட்டைக் கெடுத்துவிடும்.

இனி கணக்கு விவரம். ஹேண்ட்செட்டில் ஓகே அழுத்தி, ஸ்டேட்டஸ், அதற்குள் பேஸ் என்று போனால் ஐபி முகவரி தெரியும். அதே ரூட்டரில் இணைந்த கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து அந்த முகவரியைத் தட்டுங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் தொடருங்கள். உங்கள் கடைக்குள் இருக்கும் பெட்டிதான் அது. தொடக்க யூசரும் பாஸ்வேர்டும் அட்மின் என்றே இருக்கும். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அக்கவுன்ட் பக்கத்தில் லைன் ஆக்டிவ் என்பதை இயக்கி, ரெஜிஸ்டர் நேம், யூசர் நேம், பாஸ்வேர்டு, சர்வர் முகவரி ஆகியவற்றைக் கம்பெனி அனுப்பிய மெயிலிலிருந்து அப்படியே காப்பி செய்யுங்கள். கையால் தட்டாதீர்கள், பாஸ்வேர்டில் சைபருக்கும் ஓ எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாது. போர்ட் எண் சாதாரணமாக 5060, மறைகுறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் என்றால் 5061. கம்பெனி டிஎல்எஸ் தருகிறதென்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சேமித்த சில வினாடிகளில் ரெஜிஸ்டர்ட் என்று வந்தால் சர்வர் உங்களை அடையாளம் கண்டுகொண்டது. ஃபெயில்டு என்றால் பத்தில் ஒன்பது தடவை பாஸ்வேர்டு அல்லது சர்வர் பெயரில்தான் பிழை.

பிறகு நம்பர் அசைன்மென்ட் பக்கம். எந்தக் கணக்கு எந்த ஹேண்ட்செட்டில் அடிக்க வேண்டும், எந்த ஹேண்ட்செட் எந்தக் கணக்கில் வெளியே கூப்பிட வேண்டும் என்று இங்கே டிக் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு, ரெஜிஸ்டர் ஆகியும் ஏன் மணி அடிக்கவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆளுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கி, கடை நம்பருக்கு வரும் அழைப்பு எல்லாவற்றிலும் சேர்ந்து அடிக்கும்படி சர்வரில் ரிங் குரூப் போடுவது நல்லது. கவுண்டருக்கு 101, கணக்கு அறைக்கு 102, குடோனுக்கு 103 என்று இருந்தால் மாற்றிவிடுவதும் சுலபம், யார் எடுத்தார்கள் என்பதும் பதிவாகும். ஒவ்வொரு ஹேண்ட்செட்டின் முதுகிலும் அதன் எண்ணை ஒட்டிவிடுங்கள்.

கோடெக் என்ற பக்கத்தில் குரலைச் சுருக்கும் முறைகளின் பட்டியல் இருக்கும். ஜி.711 ஏ-லா முதலில் இருக்கட்டும். நம் ஊர்த் தொலைபேசிக் கம்பெனிகள் பேசுவது அதில்தான். அதில் ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் ஆகும். நான்கு பேர் சேர்ந்து பேசினாலும் 350 கிலோபிட்தான். ஆகவே ஃபோனுக்காக நெட் ஸ்பீடைக் கூட்டச் சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். நேரத்தை ஐந்தரை மணி கூட்டி வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தவறிய அழைப்புகளின் நேரமெல்லாம் தப்பாகக் காட்டும்.

ரூட்டரில் செய்ய வேண்டியவை

சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி ரூட்டரிலும் ஃபைபர் பெட்டியிலும் இருக்கும். இணையத் தொலைபேசிக்கு உதவுவதற்காகவே வைத்தது. நடைமுறையில் அதிகம் கெடுப்பதும் அதுதான். செய்திகளின் உள்ளே கைவைத்து முகவரிகளைத் தப்பாக மாற்றிவிடும். அணைத்துவிடுங்கள். மெனுவில் காணவில்லை என்றால் இன்டர்நெட் கம்பெனிக்காரரிடம் அணைக்கச் சொல்லுங்கள், அல்லது டிஎல்எஸ்ஸுக்கு மாறுங்கள். மறைகுறியாக்கிய செய்தியை அதனால் படிக்கவே முடியாது.

எந்தக் கருவியின் தகவல் முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்தும் கியூஓஎஸ் வசதி ரூட்டரில் இருந்தால் பேஸின் ஐபிக்கு முதலிடம் கொடுங்கள். சிசிடிவி படங்களோ கணக்கு பேக்கப்போ மேலே ஏறும் நேரத்தில் குரல் உடையாமல் இருக்க இது உதவும். வெளியிலிருந்து உள்ளே வர வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எதுவும் செய்ய வேண்டாம். "5060ஐத் திறந்து விடுங்க" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பேஸ்தான் சர்வரைத் தேடிப் போகிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரத் தேவையில்லை.

அன்றாடப் பயன்பாடு

லேண்ட்லைன் வகை நம்பரிலிருந்து செல்லுக்குக் கூப்பிடும்போது முன்னால் சைபர் போட வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் நாடு முழுக்க இந்த விதி. சில கிளவுட் கம்பெனிகள் தாங்களே சேர்த்துக்கொள்ளும், சிலர் சேர்ப்பதில்லை. முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

ஊழியர்களுக்குக் கட்டாயம் பழக்க வேண்டியது டிரான்ஸ்பர். அதில் இரண்டு விதம். கேட்காமல் தள்ளிவிடுவது ஒன்று: டிரான்ஸ்பர், 103, மறுபடி டிரான்ஸ்பர். கேட்டுவிட்டு மாற்றுவது இன்னொன்று: டிரான்ஸ்பர், 103, பச்சைப் பொத்தான், அந்தப் பக்கம் எடுத்ததும் "அண்ணாச்சி, திருமங்கலம் பார்ட்டி, ரெண்டு இஞ்ச் பைப் கேக்குறாரு" என்று சொல்லிவிட்டு, பிறகு டிரான்ஸ்பர். கடைக்கு இரண்டாவதுதான் அழகு. வாடிக்கையாளர் இரண்டாம் தடவை கதை சொல்ல வேண்டியதில்லை, குடோனில் ஆள் இல்லையென்றால் அழைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

விளம்பரத்துக்காக மொத்தமாகக் கூப்பிட இந்த நம்பரைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு 140 வரிசை எண்ணும் பதிவும் வேண்டும். மீறினால் நம்பரே முடங்கலாம். ஆபத்து அவசரத்தில் 112ஐக் கூப்பிட செல்ஃபோனையே எடுங்கள். நெட்டும் கரன்ட்டும் போனால் இந்த ஃபோனும் போய்விடும். நெட் போன நேரத்தில் வரும் அழைப்பு ஒரு செல்லுக்குப் போகும்படி சர்வரில் திருப்பி வைத்துவிட்டால் வியாபாரம் தவறாது.

கோளாறு வந்தால்

முதலில் எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். குரல் உடைகிறதா? இன்டர்காமில் பேசிப் பாருங்கள். அங்கேயும் உடைந்தால் ரேடியோ, அதாவது பேஸ் இருக்கும் இடம் அல்லது ஹேண்ட்செட் பேட்டரி. இன்டர்காம் சுத்தமாக இருந்து வெளி அழைப்பு மட்டும் உடைந்தால் இன்டர்நெட். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுக் கம்பெனிக்குக் கூப்பிட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அழைப்பு சரியாக அரை நிமிஷத்தில், கிட்டத்தட்ட 32ஆவது வினாடியில் தானாக அறுந்தால் அது தற்செயல் இல்லை. எடுத்துவிட்டோம் என்று ஒரு பக்கம் சொன்னதற்கு மறுபக்கத்தின் ஒப்புதல் வந்து சேரவில்லை; சிப் முறை அவ்வளவு நேரம்தான் காத்திருக்கும். காரணம் பெரும்பாலும் அந்த ஏஎல்ஜிதான். நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றாலும் சந்தேகம் அங்கேயே போகட்டும்.

வெளியே கூப்பிட முடிகிறது, ஆனால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் உள்ளே வரும் அழைப்பு அடிப்பதில்லை என்றால் ரூட்டர் பேஸை மறந்துவிடுகிறது. கணக்கின் அட்வான்ஸ்டு பக்கத்தில் கீப் அலைவ் நேரத்தை 30 வினாடியாக வையுங்கள். பேங்க் கஸ்டமர் கேரில் ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்னும்போது அழுத்தினாலும் ஏற்கவில்லை என்றால் பொத்தான் அழுத்தியதை மறுபக்கத்துக்குச் சொல்லும் டிடிஎம்எஃப் வகையை ஆர்எஃப்சி 2833 என்று மாற்றுங்கள்.

ராத்திரியில் 100, 1000 மாதிரி விசித்திரமான எண்களிலிருந்து மணியடித்து, எடுத்தால் யாருமே இல்லையா? பேயும் இல்லை, போட்டிக் கடைக்காரரும் இல்லை. இணையம் முழுக்கத் திறந்த ஃபோன்களைத் தேடி அலையும் நிரல்கள் அவை. பலவீனமான பாஸ்வேர்டு கிடைத்தால் உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுத் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒரு மணி அடித்தால் ரூட்டரில் யாரோ போர்ட் திறந்து வைத்திருக்கலாம், பார்த்து மூடுங்கள். ஃபீச்சர்ஸ் பக்கத்தில் ஜெனரல் இன்ஃபர்மேஷனுக்குள் அக்செப்ட் சிப் டிரஸ்ட் சர்வர் ஒன்லி என்பதை இயக்கினால், உங்கள் சர்வரைத் தவிர வேறு எங்கிருந்து வந்தாலும் மணி அடிக்காது. ஃபோன் கம்பெனியிடம் சொல்லி ஐஎஸ்டியையும் பூட்டிவிடுங்கள். துபாய் பார்ட்டியிடம் பேச வேண்டிய நாள் வந்தால் அன்றைக்குத் திறந்துகொள்ளலாம்.